பதில் வராத ஜெபத்தை எவ்வளவு நாள் தொடர்வது?

கேள்வி இதுதான்: ஒரே காரியத்துக்காக இரண்டு மூன்று வருஷமாக ஜெபிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. "ஒருதரம் விசுவாசத்தோடு கேட்டால் போதும், திரும்பத் திரும்பக் கேட்டால் அது அவிசுவாசம்" என்கிறார் ஒருவர். "விடாதே, பதில் வரும்வரை போராடு" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? தொடர்வதானால் எப்படி, நிறுத்துவதானால் எப்போது?

வேதம் இரண்டாமவர் பக்கம்தான் நிற்கிறது. திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்றால் கெத்செமனேயில் இயேசு மூன்றுதரம் போய் ஜெபித்ததை என்னவென்று சொல்வது? தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டதாகப் பவுலே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 12:8). ஈசாக்கு ரெபெக்காளை மணந்தபோது அவருக்கு வயது 40. பிள்ளையில்லாத மனைவிக்காக வேண்டிக்கொண்டார். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது வயது 60 (ஆதியாகமம் 25:20-26). ஆகவே முதலாமவர் சொல்வதை மனதைவிட்டு எடுத்துவிடலாம். ஆனால் "போராடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அதுவும் ஆளை முடக்கிவிடும். எதை விடாமல் பிடிப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் போராடுகிறவர் சீக்கிரம் களைத்துப்போவார், அல்லது கசந்துபோவார். பிடித்துக்கொள்ள வேண்டியது ஆண்டவரை. கேட்கிற காரியத்தின் வடிவத்தை, வேளையை, வழியை அவர் திருத்துவதற்கு இடம் விட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

லூக்கா 18-ல் வரும் விதவையைப் பலரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். நச்சரித்தால் கடவுள் மசிவார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உவமையில் அந்த நியாயாதிபதி தேவனுக்குப் பயப்படாதவன், மனுஷரை மதியாதவன். அப்படிப்பட்டவனே நியாயம் செய்தான் என்றால் தம்மை நோக்கி இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் செய்யாமலிருப்பாரோ என்பதுதான் வாதம். கடவுள் அந்த ஆளைப்போல என்று இயேசு சொல்லவில்லை, அவனுக்கு நேர்மாறானவர் என்கிறார். விதவையையும் கவனியுங்கள். அவளுக்காகப் பேச ஆள் இல்லை, கையில் காசு இருந்ததாகவும் இல்லை. திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒன்றுதான் அவளால் முடிந்தது. அவள் கேட்டதும் வசதி வாய்ப்பு அல்ல; எதிராளியிடமிருந்து நியாயம். லூக்கா 11-ல் நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவனும் தனக்காக வரவில்லை. வழிப்பயணமாய் வந்த சிநேகிதனுக்கு வைக்க வீட்டில் ஒன்றுமில்லை என்று மூன்று அப்பம் கேட்கிறான். நம் நீண்ட நாள் வேண்டுதல்களில் எத்தனை மற்றவர்களுக்காக என்று எண்ணிப் பார்ப்பது கொஞ்சம் சங்கடமான பயிற்சி.

அப்படியானால் "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7-ல் சொன்னது? திரும்பச் சொல்வதை அது தடுக்கவில்லை. அதே வசனம் காரணத்தையும் சொல்கிறது: அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று நினைக்கிறார்களே, அந்த நினைப்பைத்தான் தடுக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்க 1 இராஜாக்கள் 18-ஐப் போல வேறு அதிகாரம் இல்லை. பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர், காலைமுதல் மத்தியானம்வரை "பாகாலே, எங்களுக்கு உத்தரவு அருளும்" என்று கூப்பிடுகிறார்கள், பலிபீடத்தைச் சுற்றிக் குதிக்கிறார்கள், கத்தியால் கீறிக்கொள்கிறார்கள். அந்திப்பலி நேரம்வரை போகிறது. எலியா இரண்டே வசனத்தில் ஜெபிக்கிறார், அக்கினி இறங்குகிறது. இதோடு நிறுத்தினால் "சுருக்கமாகக் கேட்டால் போதும்" என்று தோன்றும். ஆனால் அதே நாள், அதே எலியா, கர்மேல் பர்வதத்தின் சிகரத்தில் ஏறி, தரையிலே குனிந்து, முகம் முழங்காலில் படும்படி உட்காருகிறார். இப்போது மழைக்காக. வேலைக்காரனைக் கடற்பக்கம் பார்க்க அனுப்புகிறார். "ஒன்றும் இல்லை." மறுபடி போ. ஏழாந்தரம்தான் ஒரு மனுஷனுடைய உள்ளங்கை அத்தனைச் சிறிய மேகம்.

ஒரே நாளில் ஒரு ஜெபத்துக்கு உடனே பதில், இன்னொன்றுக்கு ஏழுதரம். எலியாவின் விசுவாசம் நடுவில் குறைந்துவிட்டதா? இல்லை. இன்னொன்றும் பாருங்கள்: அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே "தேசத்தின்மேல் மழையைக் கட்டளையிடுவேன்" என்று கர்த்தர் சொல்லிவிட்டார். ஜெபிக்கும் முன்பே ஆகாபிடம் "பெருமழையின் இரைச்சல் கேட்கப்படுகிறது" என்று எலியா சொல்லியும் விட்டார். வாக்குக் கையில் இருந்தும் ஏழுதரம் கேட்கிறார். வாக்குத்தத்தம் இருப்பதால் கேட்க வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை, அது இருப்பதால்தான் கேட்கிறார். மேகம் கண்ணில் பட்டதும் ஜெபத்தை நிறுத்திவிட்டு, ரதத்தைப் பூட்டி இறங்கிப் போகும்படி ராஜாவுக்குச் சொல்லி அனுப்புகிறார். பதில் முழுதாக வரும்வரை உட்கார்ந்திருக்கவில்லை. உள்ளங்கை மேகத்தைக் கண்டுபிடிக்கத் தெரிவதும் இந்த விஷயத்தில் பாதி வேலை.

கெத்செமனே இன்னும் ஆழமானது. மத்தேயு 26-ல் முதல் ஜெபம்: கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும், ஆகிலும் உம்முடைய சித்தம். இரண்டாவது ஜெபத்தில் (வசனம் 42) சாய்வு மாறிவிட்டது: நான் பானம்பண்ணினாலொழிய இது நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது. மூன்றாந்தரம் அந்த வார்த்தைகளையே சொன்னார் என்கிறது 44-ஆம் வசனம். அதாவது திரும்பப் போனபோது கோரிக்கை அதே இடத்தில் நிற்கவில்லை, அங்கிருந்து நகர்ந்தது. உங்கள் இரண்டு வருஷ ஜெபத்துக்கும் இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாள் கேட்ட வாக்கியமும் இன்று கேட்கிற வாக்கியமும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்தால், ஒன்று அது நேரடியான வாக்குத்தத்தத்தின்மேல் நிற்கும் வேண்டுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பேசுகிறீர்கள், கேட்கவில்லை என்று அர்த்தம்.

இங்கே வேண்டுதல்களைத் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விடாப்பிடி பொருந்தாது.

தேவன் வெளிப்படையாகவே தருவேன் என்று சொன்னவை சில: ஞானம் (யாக்கோபு 1:5), அறிக்கையிட்ட பாவத்துக்கு மன்னிப்பு (1 யோவான் 1:9), பரிசுத்த ஆவி (லூக்கா 11:13), சோதனையில் தப்பிக்கொள்ளும் போக்கு (1 கொரிந்தியர் 10:13). இவற்றுக்குக் கேள்வியே இல்லாமல் கேட்டுக்கொண்டே போகலாம். "உமக்குச் சித்தமானால் எனக்கு ஞானம் தாரும்" என்று கேட்க வேண்டியதில்லை, சித்தம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்தது, அவர் மனதுக்கு ஏற்றது என்று தெரியும், ஆனால் இந்த ஆளுக்கு, இந்தத் தேதிக்குள் என்று வாக்கு இல்லாதவை. வீட்டார் இரட்சிக்கப்படுவது, உடல் சுகம், பிள்ளைப்பேறு, பிரிந்த கணவன் மனைவி சேருவது. நீண்ட நாள் ஜெபங்களில் பெரும்பாலானவை இங்கேதான் விழும். இவற்றுக்கு வருஷக்கணக்கில் தொடரலாம், தொடர வேண்டும். ஆனால் முடிவுத் தேதி வைத்துக் கேட்பதும், "நடந்தே தீரும்" என்று ஊருக்கு அறிவிப்பதும் இங்கே ஆபத்து.

மூன்றாவது, வேதம் இப்படியா அப்படியா என்று சொல்லாத குறிப்பான தெரிவுகள்: இந்த வேலை, இந்த வீடு, இந்த நபரோடு கல்யாணம். இதில் ஒரே பெயரை மூன்று வருஷம் பிடித்துக்கொண்டிருப்பது விசுவாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுபக்கத்தில் இன்னொரு மனுஷருக்கும் மனம் என்று ஒன்று உண்டு. அவர் தெளிவாக வேண்டாம் என்று சொன்னபிறகும் அவரையே கேட்டு ஜெபிப்பது ஜெபத்தின் பெயரில் நடக்கிற பிடிவாதம். இப்படிப்பட்டவற்றுக்குக் குறுகிய கால ஜெபம், நல்ல ஆலோசனை, பிறகு தீர்மானம் என்று போவதே சரி.

நிறுத்தச் சொன்ன இடங்களும் வேதத்தில் உண்டு. யோர்தானைக் கடந்துபோய் நல்ல தேசத்தைப் பார்க்க வேண்டும் என்று மோசே கெஞ்சினார். "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்பது பதில் (உபாகமம் 3:26). பவுலுக்கு "என் கிருபை உனக்குப்போதும்" என்று சொல்லப்பட்டது, முள் போகவில்லை. தாவீது பிள்ளைக்காக உபவாசித்துத் தரையிலே கிடந்தான். ஏழாம் நாள் பிள்ளை செத்ததும் எழுந்து, ஸ்நானம்பண்ணி, ஆலயத்தில் பணிந்துகொண்டு, சாப்பிட்டான் (2 சாமுவேல் 12). இவற்றிலிருந்து நிறுத்த வேண்டிய சமயங்கள் மூன்று தெரிகின்றன. வேதமோ தெளிவான நடப்போ கதவை மூடிவிட்டபோது. கேட்டதற்குப் பதிலாக வேறொன்று தரப்பட்டு, அது போதும் என்று உள்ளத்தில் உறுதியானபோது. கேட்டது தவறு என்று உணர்த்தப்பட்டபோது. "சலித்துப்போச்சு" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு வைத்தியம் வேறு, பின்னால் வருகிறது.

"என் விசுவாசம் போதாததால் பதில் வரவில்லையோ" என்ற கவலைக்கு ஒரு வார்த்தை. தானியேல் 9-ல் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே காபிரியேல் வந்து நிற்கிறான். 10-ஆம் அதிகாரத்தில் அதே தானியேல் 21 நாள் காத்திருக்கிறார். முதல்நாளே கேட்கப்பட்டது, வழியில் தடை இருந்தது என்று தூதன் சொல்கிறான். ஆளும் அவர்தான், விசுவாசமும் அதுதான். அப்போஸ்தலர் 12-ல் சிறையிலிருந்த பேதுருவுக்காகச் சபையார் ஊக்கத்தோடே ஜெபித்தார்கள். பேதுரு கதவைத் தட்டியபோது, சொல்ல வந்த ரோதை என்ற பெண்ணைப் பார்த்து "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். தாங்கள் கேட்டது கிடைத்ததையே நம்பாதவர்களின் ஜெபமும் கேட்கப்பட்டது. சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்தவர்கள் என்று லூக்கா 1:6 சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தில் பிள்ளையில்லை, இருவரும் வயதுசென்றவர்கள் என்கிறது. ஆகவே பதில் தாமதிக்கிற வீட்டில் போய் "ஏதோ பாவம் இருக்கிறது" என்று சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அதேசமயம் வேதமே பெயர் சொல்லும் தடைகள் சில உண்டு, அவற்றை ஒருமுறை நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். மன்னிக்காத மனது (மாற்கு 11:25). மனைவியை மதிப்பில்லாமல் நடத்துவது (1 பேதுரு 3:7 இதைக் கணவர்களுக்கே நேராகச் சொல்கிறது, ஆண்கள் கூட்டங்களில் இது அதிகம் பிரசங்கிக்கப்படுவதில்லை). இச்சைக்குச் செலவழிக்கக் கேட்பது (யாக்கோபு 4:3). ஏழையின் கூக்குரலுக்குச் செவியை அடைத்துக்கொள்வது (நீதிமொழிகள் 21:13). ஒரு மாலை உட்கார்ந்து இந்த நான்கையும் பாருங்கள். ஏதாவது இருந்தால் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அதைத் தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

இனி நடைமுறை.

ஆரம்பிக்கிறவர் ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்கக் கூடாது. "ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா" என்பது அந்த இரவில் அந்தச் சீஷர்களிடம் கேட்டது. எல்லாருக்கும் விதித்த அளவு அல்ல. 15 நிமிஷம் போதும், ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம். முதல் 4 நிமிஷம் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 3 நிமிஷம் நன்றி, பாவ அறிக்கை. 6 நிமிஷம் வேண்டுதல்கள். கடைசி 2 நிமிஷம் பேசாமல் இருங்கள். வேண்டுதலை முதலில் வைத்தால் கவலைதான் முதலில் வந்து உட்காரும். 15 நிமிஷமும் பிரச்சினையை மனதில் ஓட்டிப் பார்த்ததாகவே முடியும். ஜெபித்து எழும்போது உட்கார்ந்ததைவிடப் பதற்றம் கூடியிருக்கிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். இந்த நேரம் ஒரு மாதம் நிலைத்தபின் 5 நிமிஷம் கூட்டலாம்.

தினமும் கேட்கிற வேண்டுதல் மூன்றுக்கு மேல் வேண்டாம். மற்றவற்றை வாரத்தின் நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள்: திங்கள் உறவினர், செவ்வாய் நோயாளிகள், புதன் சபை, இப்படி நாளுக்கு நாலைந்து. நாற்பது பெயர் கொண்ட தினசரிப் பட்டியல் மூன்றாம் வாரத்தில் வெறும் வருகைப்பதிவாகிவிடும். யாராவது "எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றால் அங்கேயே, நின்ற இடத்திலேயே, இரண்டு வாக்கியம் ஜெபித்துவிடுங்கள். பட்டியலில் சேர்ப்பதா என்று பிறகு பார்க்கலாம்.

நோட்டு ஒன்று அவசியம். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் அரைப் பக்கம் விடுங்கள். மேலே தேதி, அடுத்து ஒரே வாக்கியத்தில் வேண்டுதல், அது நிற்கிற வசனம், கீழே வெற்றிடம். வாக்கியம் மாறும்போது பழையதை அடிக்காமல், கீழே புதுத் தேதியோடு எழுதுங்கள். உதாரணத்துக்கு, குடிப்பழக்கத்தில் இருக்கும் ஒரு மகனுக்காக ஒரு தாயின் பக்கம் இப்படி நகரலாம். ஜனவரி: "ஆண்டவரே, என் மகன் குடியை விட வேண்டும்." ஏப்ரல்: "அவன் தனியாக இல்லாதபடி நல்ல சிநேகிதன் ஒருவனைத் தாரும், அவன் வரும்போது கத்தாமலிருக்க எனக்குப் பொறுமை தாரும்." ஆகஸ்ட்: "மருத்துவரிடம் வர அவன் சம்மதிக்க வேண்டும், அவன் கடனை நான் மறைத்து அடைப்பதை நிறுத்தத் தைரியம் தாரும்." மகன் இன்னும் குடிக்கிறான். ஆனால் இந்தப் பக்கத்தைப் பார்க்கிற யாரும் "எட்டு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். நோட்டு இல்லாவிட்டால் அந்தத் தாய்க்கே அது தெரியாது. "ஆசீர்வதியும்" என்ற ஒற்றை வார்த்தையில் எல்லாரையும் அடக்கிக் கேட்கிறவருக்குப் பதில் வந்தாலும் அடையாளம் தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டோடு அரைமணி உட்காருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கேள்வி: இது இன்னும் கேட்க வேண்டியதா? வாக்கியம் மாற வேண்டுமா? உள்ளங்கை மேகம் ஏதாவது தெரிகிறதா? நான் செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவைப் பாருங்கள். கிஸ்லேயு மாதத்தில் எருசலேம் அலங்கம் இடிந்த செய்தி கேட்டு அழுது, உபவாசித்து, ஜெபிக்கத் தொடங்குகிறார். ராஜாவிடம் பேச வாய்ப்பு வருவது நிசான் மாதம். ஏறக்குறைய நாலு மாதம். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்றதும் ஒரு நொடி பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம், உடனே பதில்: இவ்வளவு காலம் விடுப்பு, நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள், மரங்களுக்காக வனக்காவலாளன் ஆசாபுக்கு ஒரு கடிதம் (நெகேமியா 2:4-8). அந்த நாலு மாதமும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்தார் என்பது தெரிகிறது. வேலைக்காக ஜெபிக்கிறவர் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். சுகத்துக்காக ஜெபிக்கிறவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் திராட்சரசம்தான் சொன்னார்.

சிந்தை சிதறுவது எல்லாருக்கும் உண்டு. ஜெப வாழ்க்கையில் ஆசானாக மதிக்கப்படும் அவிலாவின் தெரேசா (1515–1582), பல காலம் ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே காத்திருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். செய்ய வேண்டிய வேலை நினைவுக்கு வந்தால் பக்கத்தில் வைத்த துண்டுக் காகிதத்தில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். ஆளின் முகம் வந்தால் அவருக்காக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். "ஐயோ, சிதறிவிட்டேனே" என்று அதையே ஆராய்வது இரண்டாவது சிதறல். போன் வேறு அறையில் இருக்கட்டும், வேதாகமமும் அச்சுப் பிரதியாக இருக்கட்டும். தூக்கம் வந்தால் நின்றோ நடந்தோ, சத்தமாக ஜெபியுங்கள். படுக்கையில் உட்கார்ந்து ஜெபிப்பதை விட்டுவிடுங்கள். அப்படியும் வந்தால் நேரத்தை மாற்றுங்கள். அதிகாலை எல்லாருக்கும் ஒத்துவராது. தானியேல் நாளுக்கு மூன்றுவேளை என்று வைத்திருந்தார்.

வார்த்தையே வராத நாட்களுக்கு மார்ட்டின் லூத்தர் 1535-ல் தன் நாவிதர் பேதுருவுக்கு எழுதிக்கொடுத்த முறை இன்றும் நன்றாக உதவுகிறது. கர்த்தருடைய ஜெபத்திலோ பத்துக் கட்டளையிலோ ஒரு வரியை எடுத்து நாலு இழையாகப் பிரிப்பது: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஒரு வரியே பத்து நிமிஷத்துக்குப் போதும். நடுவில் ஒரு நினைவு ஆழமாகப் பிடித்தால் மற்றவற்றை விட்டுவிட்டு அதோடேயே இரு என்கிறார் லூத்தர். "இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம், முதலில் இந்த வேலை" என்ற நினைப்பைத்தான் அவர் பெரிய எதிரியாகச் சொல்கிறார். நாவிதர் என்பதால் ஒரு கண்டிப்பும் சேர்த்துவிட்டார்: சவரக்கத்தியைப் பிடித்தவன் கவனம் வேறெங்கோ போனால் வாடிக்கையாளரின் மூக்கோ தொண்டையோ போய்விடும்.

மனது வறண்டு கசப்பாக இருந்தால் அதையே சொல்லுங்கள். சங்கீதம் 13-ன் முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலுதரம் வருகிறது. சங்கீதம் 88 ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. முறையிடுவது ஜெபத்தைக் கைவிடுவது ஆகாது. பேசாமல் போவதுதான் கைவிடுவது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் இன்னும் அதிகமாக ஜெபிக்க முயன்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், ஜெபிப்பதை அந்தக் கொஞ்ச காலம் மற்றவர்கள் உங்களுக்காகச் செய்யட்டும்.

நாட்கள் தவறினால்? வட்டியும் முதலுமாகச் சேர்த்து ஜெபிக்க வேண்டியதில்லை. அடுத்த நாள் வழக்கமான 15 நிமிஷத்தோடு தொடருங்கள். தவறிய நாட்களை ஈடுகட்டப் பார்க்கிறவர்தான் முழுசாக விட்டுவிடுகிறார்.

உபவாசம் பற்றிச் சுருக்கமாக. வாரத்தில் ஒருவேளை உணவை விட்டு அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுப்பது நல்ல தொடக்கம், தண்ணீர் குடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், உணவோடு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். அவர்கள் உணவுக்குப் பதிலாகத் திரை பார்ப்பதை விடலாம். "21 நாள் தானியேல் உபவாசம் இருந்தால் பதில் நிச்சயம்" என்பது வேதத்தில் இல்லாத கணக்கு. தானியேல் 21 என்று நினைத்து ஆரம்பித்ததாக அங்கே எழுதப்படவில்லை; பதில் வந்தபோது அத்தனை நாள் ஆகியிருந்தது. அவர் விட்டது ருசிகரமான அப்பம், இறைச்சி, திராட்சரசம். ஏசாயா 58 சொல்கிறபடி, வேலைக்காரரை வருத்திக்கொண்டே இருக்கிற உபவாசம் உயரத்தில் கேட்கப்படாது. "இது நடந்தால் இவ்வளவு தருகிறேன்" என்ற பேரமும் அதே வகைதான். அன்னாள் பொருத்தனை பண்ணினாளே என்பார்கள். அவள் கொடுப்பதாகச் சொன்னது கேட்ட பிள்ளையையே. அதோடு, பதில் வருவதற்கு முன்னமே, ஜெபித்து எழுந்த அன்றே, "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" (1 சாமுவேல் 1:18).

ஜெபக்கூட்டாளி ஒருவர் இருப்பது பலம். ஒருவர், அதிகம் போனால் இருவர். வாரம் ஒருமுறை 20 நிமிஷம். அதில் பேச்சு 5 நிமிஷத்துக்குமேல் போகக் கூடாது. இல்லாவிட்டால் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை ஆகிவிடும். மகனின் குடியையோ மகளின் கல்யாணத்தையோ சபை முழுக்க ஜெபக்குறிப்பாகக் கொடுக்குமுன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். அம்மா நம்மைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார் என்று தெரிந்தே சபைப் பக்கம் வராமல் போன பிள்ளைகள் உண்டு.

நீண்ட காத்திருப்புக்கு வரலாற்றில் இருவரைச் சொல்லலாம். பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898), 1844 நவம்பரில் ஐந்து பேரின் மனந்திரும்புதலுக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதலாமவர் திரும்ப 18 மாதம் ஆனது. அதற்குப்பின் இரண்டாமவருக்கு 5 வருஷம், மூன்றாமவருக்கு மேலும் 6 வருஷம். மீதி இருவருக்காக 36 வருஷம் கழித்தும் கேட்டுக்கொண்டிருந்தார். இதைச் சொன்ன அதே மூச்சில் அவர் இன்னும் பதில் வராததையும் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கும். வெற்றிச் சாட்சிகளை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது தேவை.

மற்றவர், பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா. மகன் தவறான போதனையில் விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒரு பேராயரிடம் போய், அவனோடு வாதாடி மனதை மாற்றுங்கள் என்று அழுகிறார். அவர் மறுக்கிறார்: அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடுங்கள், ஜெபம் மட்டும் பண்ணுங்கள், இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போவது கூடாத காரியம். 383-ல் மகன் ரோமாபுரிக்குக் கப்பலேறத் தீர்மானிக்கிறார். அவர் போகக்கூடாது என்று கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆலயத்தில் தாய் இரவெல்லாம் ஜெபிக்கிறார். அந்த இரவிலேயே அவரை ஏமாற்றிவிட்டு மகன் போய்விடுகிறார். பார்த்தால் ஜெபம் தோற்றது. ஆனால் அந்தப் பயணம்தான் அவரை மிலானுக்கும் ஆயர் அம்புரோசியாரிடமும் கொண்டுபோனது; 387 உயிர்த்தெழுதல் திருநாளில் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அன்று கேட்டதைத் தராமல், எப்போதும் கேட்டுவந்ததைத் தேவன் தந்தார் என்று பின்னாளில் அகுஸ்தீனே எழுதினார். மோனிக்கா மகனுடைய இரட்சிப்பை விடவில்லை. அது எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதில் அவருடைய கணக்குத் தவறியது.

ஒரு வேண்டுதலை முடிக்கும்போது நோட்டிலும் முடியுங்கள். கிடைத்திருந்தால் தேதியும் எப்படிக் கிடைத்தது என்பதும் நாலு வரி; அடுத்த ஒரு வாரம் அந்த நிமிஷங்களில் புது வேண்டுதல் சேர்க்காமல் நன்றி மட்டும். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன்தான். இல்லை என்று பதில் வந்திருந்தால், அல்லது யாருக்காக ஜெபித்தீர்களோ அவர் இறந்துவிட்டால், அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தேதி போட்டு "இல்லை என்றார்" என்று மட்டும் எழுதுங்கள். விளக்கம் தேட வேண்டாம், மற்றவர்கள் தரும் விளக்கத்தையும் எழுத வேண்டாம். தாவீது அன்று செய்ததுபோல முகம் கழுவி, ஆலயத்துக்குப் போய், வந்து சாப்பிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு உட்கார்ந்து, வேண்டுதல் ஒன்றும் இல்லாவிட்டாலும் சங்கீதத்தை வாசியுங்கள்.